உங்க வீடு மாதிரி

சத்தம் நின்றுவிட்டது. இப்போதுதானே ஆரம்பித்தான் கொத்தனார் அங்கமுத்து, உளிமேல் சுத்தியல் விழுகிற சத்தத்தைக் கேட்டு அப்பாடா என்று அடுப்பைப் பற்றவைத்தேன், பால் சுடுவதற்குள் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கேட் கிரீச்சென்றது, செருப்பை உதறிக் கழற்றும் சத்தம், பிறகு ஒரு இருமல், பிறகு 'அம்மணீ' என்று ஒரு நீட்டல். வந்துவிட்டார் சென்னியப்பன். இந்த வீட்டை எங்களுக்கு விற்றவர். விற்றவர் என்றால் கையெழுத்துப் போட்டு, கைரேகை வைத்து, போட்டோவுக்கு முகத்தைக் காட்டி, சாவியை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போனவர். போனவர் என்று எப்படிச் சொல்வது, போனால்தானே. தினமும் காலையில் வந்து, நான் காங்கேயத்தில் வாங்கி வந்த நீலப் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, நான் பணம் கொடுத்து வாங்கிய வீட்டின் கூடத்தில், இங்கே கூடத்தை ஆசாரம் என்கிறார்கள், ஆளுக்குத்தான் ஆசாரம் உண்டு என்று நினைத்திருந்தேன், அந்த ஆசாரத்தின் நட்டநடுவில் உட்கார்ந்துகொள்கிறார். உடனே அங்கமுத்து கருவியைக் கீழே வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றுவிடுவான். பெரியவர் உட்கார்ந்திருக்கையில் அவர் கட்டிய சுவரை இடிக்கலாமா, மரியாதை இல்லையா. மரியாதைக்கு நான் தினக்கூலி கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இதோ, என் கை தானாக இன்னொரு டம்ளர் பாலைச் சேர்த்து ஊற்றுகிறது, என் கைக்குக்கூட என்மேல் மதிப்பில்லை. ஊற்றாதே வத்சலா, இன்றைக்கு டீ கிடையாது, இன்றைக்குச் சொல்லிவிடப் போகிறாய். நேற்றும் இப்படித்தான் சொல்லிக்கொண்டேன், சொல்லிக்கொண்டே சர்க்கரை போட்டேன்.

எல்லாம் அந்த ஒரு நாள் வாய்தான். சாவி கொடுத்த அன்று இவர் வாசலில் நின்று நிலைப்படியைக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், பார்க்கப் பாவமாக இருந்தது, நான் சும்மா இருந்திருக்கலாம், இருந்தேனா. 'இதை உங்க வீடு மாதிரி நினைச்சுக்கோங்க, எப்ப வேணும்னாலும் வாங்க' என்றேன். யார்தான் சொல்லமாட்டார்கள்? வீட்டை விற்றுவிட்டு நிற்கிற மனிதரிடம் வேறு என்ன சொல்வது, இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்றா? மெட்ராஸில் எதிர்வீட்டு ரேவதியிடம் எத்தனை வருஷம் 'உள்ள வாங்களேன்' என்றிருப்பேன், அவளும் அதே சிரிப்போடு தலையாட்டியிருப்பாள், ஒரு நாள் உள்ளே வந்தாளா, மாட்டாள், அதுதான் நாகரிகம். நான் கூப்பிடுவேன், நீ வரக்கூடாது, இதுகூடத் தெரியாமலா ஒரு மனிதர் எழுபது வயதைத் தாண்டியிருப்பார். மறுநாள் காலையில் வந்து நின்றார். 'வரச் சொன்னீங்களே அம்மணி' என்றார். கிண்டலும் இல்லை, ஒன்றும் இல்லை, பச்சைக் குழந்தை மாதிரி. அன்றைக்கு எங்கள் வீட்டுக்காரர் தாமோதரன் நன்றாகத்தான் இருந்தார், கையில் அளவு டேப்போடு இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் ஓடிக்கொண்டிருந்தார், 'வரட்டும் வத்சலா, பழைய வீட்டைப் பத்தி விஷயம் தெரிஞ்ச ஆள்' என்று எனக்கே புத்தி சொன்னார். அரை ஏக்கர் இடம், நடுவில் பழைய ஓட்டு வீடு, வெளியே அப்படியே இருக்க வேண்டும், உள்ளே மட்டும் நவீனம், சுவரில்லாத சமையலறை, கூரையில் கண்ணாடி, தோட்டத்துக்குச் சொட்டுநீர், இதுதான் அவர் கனவு. என் கனவு லிஃப்ட்டும் முக்குக்கு ஒரு மருந்துக்கடையும். பல்லி இருக்கும் என்றேன், நல்ல காற்று என்றார். பாம்பு வரும் என்றேன், நல்ல காற்று என்றார். பேச்சுத் துணைக்கு யார் இருக்கிறார்கள் என்றேன், நான் இருக்கிறேனே என்றார். இருக்கிறார் இருக்கிறார். பத்திரம் பதிந்து இரண்டு மாதத்தில் மெட்ராஸ் வீட்டு பாத்ரூமில் விழுந்தார், வலது கையும் வலது காலும் போயின, பேச்சும் போயிற்று. வீட்டை வாங்கிப் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். நினைத்தால் அழுகை வரவேண்டும், எனக்கு ஆத்திரம்தான் வருகிறது, அப்படியே போய் அந்தக் கட்டிலை உலுக்கி, எழுந்திருங்கள், உங்கள் சொட்டுநீரை நீங்களே வந்து போடுங்கள் என்று கத்த வேண்டும்போல் வருகிறது.

மெட்ராஸ் வீட்டை அவர் விழுவதற்கு முன்பே விலை பேசி முன்பணம் வாங்கியிருந்தோம், அதையும் கொடுத்தாகிவிட்டது. இப்போது கோயம்புத்தூரில் மகள் ஹேமாவின் மூன்றாம் மாடியில் இருக்கிறார், அடுத்த வெள்ளிக்கிழமை இங்கே கூட்டிவருகிறாள். அவளையும் குறை சொல்ல முடியாது, அவள் மாமியாருக்கும் முட்டி வலி, வீட்டில் இருப்பது இரண்டு அறை. வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு வேண்டியது கண்ணாடிக் கூரை இல்லை, ஒரு கக்கூஸ். அவர் படுக்கிற அறையை ஒட்டி, படி ஏறாமல், சக்கர நாற்காலி நுழைகிற மாதிரி ஒரு கக்கூஸ், அவ்வளவுதான். இந்த ஊரில் அது எண்ணெய்க் கிணறு தோண்டுவதைவிடக் கஷ்டம் என்று யாராவது சொல்லியிருந்தால் இந்தப் பக்கமே வந்திருக்கமாட்டேன். கக்கூஸ் எல்லாம் பொடக்காலியில்தான், அதாவது கொல்லைப் பக்கம், முள்ளுக்கும் பார்த்தீனியத்துக்கும் நடுவில் நடந்து போக வேண்டும், கால் இருக்கிறவர்களே யோசிக்கிற தூரம். வீட்டுக்குள்ளே ஒவ்வொரு அறைக்கும் ஒரு நிலைப்படி, முழங்கால் உயரம், மேலே தலையை இடிக்கிற நிலை, குனிந்து வரவேண்டுமாம், நிமிர்ந்து வந்தால் லட்சுமி கோபித்துக்கொள்வாளாம். தட்டுத்தடங்கல் இல்லாத ஒரே அறை அந்த மூலை அறை, படுக்கையறைக்கு அடுத்த சின்ன அறை, நடுச்சுவரில் ஒரு வழி போட்டால் போதும், அது போய் வடகிழக்கு மூலையில் இருந்து தொலைக்கிறது. ஈசானி மூலை. 'ஈசானி மூலைல கக்கூஸாங்க்கா?' என்று அங்கமுத்து கேட்டபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், நான் கோவிலில் எச்சில் துப்பச் சொன்ன மாதிரி. குடும்பம் விளங்காது என்றான். விளங்கிக்கொண்டிருக்கிறதே, பார்த்தால் தெரியவில்லையா என்றேன். முடியாது என்றும் சொல்லமாட்டான், அதைச் சொன்னாலாவது வேறு ஆளைப் பார்ப்பேன். அன்று அஷ்டமி, மறுநாள் நவமி, அப்புறம் மணல் வரவில்லை, அப்புறம் செவ்வாய்க்கிழமை சுவரில் கைவைக்கக் கூடாது. இன்றைக்குப் புதன், பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று நானே பழமொழி சொல்லி அவனைச் சுவருக்கு முன்னால் நிறுத்தினேன், நான் பழமொழி சொல்லிக் கொத்தனாரை வேலை வாங்குகிற நிலைமைக்கு வந்துவிட்டேன். காரை உதிர ஆரம்பித்தது, வந்துவிட்டார் மகராஜன்.

ஊருக்கே இது இன்னும் சென்னியப்பன் வீடுதான். காஸ்காரன் 'சென்னியப்பன் ஊடுங்களா' என்று போன் செய்கிறான், ஆமாம் என்று நானும் சொல்கிறேன், இல்லாவிட்டால் சிலிண்டர் வராது. இவர் அதே தெருக்கோடியில் மகன் கட்டிய புதுவீட்டில் இருக்கிறார், டைல்ஸ் போட்ட வீடு, மாடி வீடு, அங்கே உட்காரலாமில்லையா, உட்கார்ந்தால் வழுக்குமா. அங்கமுத்துவும் சுவிட்சு எங்கே வைப்பது என்று என்னைக் கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்கிறான், அவர் கண்ணை மூடித் திறந்தால்தான் ஆணி அடிக்கிறான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், அந்தக் கேள்விகளைத்தான் பொறுக்க முடியவில்லை. டீயை ஒரு வாய் குடிப்பார், டம்ளரைப் பார்ப்பார், ஆரம்பிப்பார். 'ஐயாவுக்குக் கை எந்திரிக்குதுங்களா?' இல்லை. 'வாயி வருதுங்களா?' இல்லை. 'ராத்திரி தூங்கறாருங்களா? திருப்பிப் படுக்க வெக்கறீங்களா? முதுகு புண்ணாயிப் போயிருமுங்க அம்மணி.' உனக்கெதற்கய்யா என் வீட்டுக்காரர் முதுகு. என் முகம் சுவர்ப்பக்கம் திரும்பிவிடும், கேட்காத மாதிரி அங்கமுத்துவிடம் எதையாவது கேட்பேன். வாய் வரவில்லை என்பதும் பொய்தான், ஒரே ஒரு வார்த்தை வருகிறது. அதான். பசிக்கிறதா, அதான். போர்வை வேண்டுமா, அதான். நான் யார் தெரிகிறதா என்றேன் ஒரு நாள், என்னையே பார்த்துக்கொண்டு அதான் அதான் என்றார், கண்ணில் தண்ணீர். எவ்வளவு பேசுகிற மனிதர். வாயை மூடமாட்டாரா என்று எத்தனை தடவை நினைத்திருப்பேன். இந்த அரை ஏக்கர் வெறும் மண்ணுக்கு நடுவில், ஆறு மணிக்கே ஊர் கதவைச் சாத்திக்கொள்கிற இடத்தில், நானும் அந்த ஒரு வார்த்தையும். அதை நினைக்காதே. எதை நினைத்தாலும் அதில் வந்து முட்டிக்கொள்கிறது, நினைக்காதே, முதலில் சுவர், பிறகு குழாய், பிறகு டைல்ஸ், வழுக்காத டைல்ஸ், பிறகு பிடித்துக்கொள்ள கம்பி, ஒன்றொன்றாக நினை.

எப்படிச் சொல்வது. 'நாளையிலேர்ந்து கொஞ்சம்...' கொஞ்சம் என்ன, கொஞ்சம் வராதீர்களா? 'வேலை முடிஞ்சதும் நாங்களே சொல்லி அனுப்பறோம்.' அதற்கு அவர், சொல்லி அனுப்ப எதுக்குங்க சிரமம், நானே வந்து பாத்துக்கறேன் என்பார். 'தூசி உங்களுக்கு ஆகாது.' எனக்கென்னங்க அம்மணி, தூசியிலயே பொறந்தவன் என்பார். எந்த வாக்கியத்தைத் தொடங்கினாலும் கடைசியில் வாங்க என்றுதான் போய் முடிகிறது, வாயில் அப்படி ஒரு சரிவு கட்டிவைத்திருக்கிறது, தண்ணீர் ஊற்றினால் அந்தப் பக்கம்தான் ஓடும். முப்பது வருஷத்துக்கு மேல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருந்தவள் நான். டிரங்க் கால் காலத்தில் காதலர்கள், கணவன் மனைவி, கந்துவட்டிக்காரன், எல்லோருக்கும் நடுவில் புகுந்து 'மூணு நிமிஷம் ஆச்சு, முடிச்சுக்கறீங்களா' என்பேன், முடிக்காவிட்டால் ஒயரைப் பிடுங்குவேன், அழுதுகொண்டிருக்கும்போதே பிடுங்கியிருக்கிறேன். முகம் தெரியாதே, அதுதான். எதிரில் வந்து சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவரின் ஒயரை எங்கிருந்து பிடுங்குவது. போன வாரம் ஹேமா போனில் 'நீ ரொம்ப நல்லவளா இருக்கப் பாக்கறம்மா, நேரா சொல்லு' என்றாள். நேராகவாம். அவள் மாமியாரிடம் ஒரு வார்த்தை நேராகச் சொல்லியிருந்தால் இன்னும் ஒரு மாதம் அப்பாவை வைத்துக்கொண்டிருக்கலாமே. வேண்டாம், அதைப் பேசினால் சண்டையில் முடியும். ஐயோ பால்! பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து, பர்னர் அணைந்து, கருகல் வாடை. புது வீட்டில் பால் பொங்கினால் நல்லதாம். பொங்கட்டும், தினமும் பொங்கட்டும், துடைக்கிறவள் நான்தானே. மிச்சமிருந்த பாலில் இரண்டு டம்ளர் டீதான் தேறியது, எனக்கு இல்லை, அதுவும் சரிதான், எல்லோரும் குடிக்கட்டும். எடுத்துக்கொண்டு போனேன். 

அவர் நாற்காலியில்கூட இல்லை, அந்த மூலை அறைக்குள் நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அங்கமுத்து சுவரோரம் கைகட்டி நின்றான். 

'ஏன் வேலை நிக்குது?' என்றேன்.

'இல்லீங்க்கா, பெரியவரு வந்துட்டாருங்க' என்றான், மழை வந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி.

'வாங்க அம்மணி, டீ எதுக்குங்க, இப்பத்தான் குடிச்சுப்போட்டு வந்தனுங்க' என்றபடியே சென்னியப்பன் டம்ளருக்குக் கையை நீட்டினார். கொடுத்தேன். கொடுத்த கையோடு, எப்படி வந்தது என்று தெரியவில்லை, வந்துவிட்டது. 

'பெரியவரே, தப்பா நினைச்சாலும் பரவாயில்லை. நீங்க வந்தா வேலை நடக்கலை. அடுத்த வெள்ளிக்கிழமை அவரைக் கூட்டிட்டு வராங்க, எனக்கு ஒரு கக்கூஸ் கட்ட முடியலை. நீங்க இனிமே இங்க வராதீங்க.' 

என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. அங்கமுத்து தரையைப் பார்த்தான். அவர் என்னைப் பார்க்கவில்லை, டம்ளரைக் குடிக்காமலே ஜன்னல் திட்டில் வைத்தார். 

'சேரிங்க அம்மணி' என்றார். பிறகு திரும்பி, 'அங்கமுத்து, அந்தச் செவுத்தை இடிச்சுப்போடு.'

'ஐயா, ஈசானி மூலைங்க...'

'தெரியும்டா. எங்கூட்டுக்காரி ரெண்டு வருசம் இந்த ரூமுக்குள்ளதான் படுத்துக் கெடந்தா. எல்லாமே இங்கயேதான். நாந்தான் அள்ளுனேன். விடியறதுக்கு முந்தி பொடக்காலீல கொண்டுபோய்க் கொட்டிப்போட்டு வருவேன். மருமவகிட்டக்கூட வாயத் தொறக்கல, ஈசானி மூலைய நாறடிச்சுப்போட்டான்னு ஊரு சொல்லுமேன்னு. எந்தச் சாமியும் வந்து எங்கண்ணைக் குத்தல. நீ இடி. பாவம்னு ஒண்ணு இருந்தா அது எங்கணக்குல இருக்குது, உனக்கு வராது.' 

அங்கமுத்து உளியை எடுத்தான். அவ்வளவுதான், அஷ்டமி நவமி எல்லாம் அவ்வளவுதான். நான் கத்தினால் இடியாத சுவர், பணம் கொடுத்தால் இடியாத சுவர், அவர் இடி என்றால் இடியும். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும், பற்றிக்கொண்டுதான் வந்தது. 

'இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?' என்றேன்.

'சொல்லலாம்னுதானுங்க தெனமும் வந்தேன். உக்காந்தா வாயி வரல. ஐயாவைப் பத்திக் கேட்டு அப்படியே எடுக்கலாம்னு பாத்தா, நீங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க.' அவர் அறையைவிட்டு வெளியே வந்தார், நின்றார், மறுபடி அங்கமுத்து பக்கம் திரும்பினார். 'டேய், கதவு வெளிப்பக்கம் தொறக்கற மாதிரி வெய்யி. உள்ளுக்குத் தொறந்தா, மனுசன் கதவுமேலயே உழுந்து கெடந்தா தள்ள முடியாது. தள்ளுனா அவிங்களுக்குத்தான் வலிக்கும்.'

அப்படித்தான் தள்ளினேன். மெட்ராஸில் அந்தக் காலை, பாத்ரூம் கதவு கை அகலத்துக்குத்தான் திறந்தது, இடுக்கில் அவர் பாதம் தெரிந்தது, உள்ளே கிடக்கிறார் என்று தெரிந்தும் தள்ளினேன், ஒவ்வொரு தள்ளலுக்கும் உள்ளேயிருந்து ஒரு முனகல், என்னங்க என்னங்க என்று கத்திக்கொண்டே அவர்மேலேயே கதவால் முட்டிக்கொண்டிருந்தேன். ஹேமாவிடம்கூடச் சொல்லவில்லை. டாக்டர் இடுப்பில் இருந்த காயத்தைக் காட்டி விழுந்ததில் பட்டது என்றார், ஆமாம் என்றேன். இந்த மனிதருக்கு எப்படித் தெரியும், இவர் எந்தக் கதவைத் தள்ளினாரோ. நான் அங்கேயே நின்றேன். சுவரிலிருந்து செங்கல் ஒன்று விழுந்து உடைந்தது, தூசி எழுந்து அறையை மூடியது, அங்கமுத்து இத்தனை நாள் பாக்கியையும் சேர்த்து இடிக்கிற மாதிரி இடித்தான், அந்தச் சத்தத்துக்குத்தானே தவம் கிடந்தேன், இப்போது காது தாங்கவில்லை. தூசிக்கு வெளியே பார்த்தபோது அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கேட் வரைக்கும் போயிருந்தார். 

கேட் கொண்டியில் கையை வைத்தபடி வீட்டைப் பார்த்துத் திரும்பி நின்றார். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். கொண்டியைத் தூக்கினார், மறுபடி விட்டுவிட்டார். எதையாவது மறந்துவிட்டாரா, துண்டா, கண்ணாடியா என்று பார்த்தேன், எல்லாம் அவரிடமே இருந்தது. பிறகுதான் எனக்கு உறைத்தது. வருகிறேன் என்று சொல்ல முடியாது, வராதே என்று சொல்லிவிட்டேன். போகிறேன் என்று எந்த வீட்டு வாசலிலும் யாரும் சொல்வதில்லை, அந்த வாய்க்கு அது வரவும் வராது. ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போகலாம்தான், ஆனால் சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போவது சாவு வீட்டிலிருந்து மட்டும்தான். அதற்குத்தான் நிற்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு மனிதர் வந்து படுக்கப்போகிற வீட்டிலிருந்து அப்படிப் போகக்கூடாதென்று, திட்டு வாங்கிக்கொண்டு, வெயிலில், வார்த்தை இல்லாமல் நிற்கிறார். போய்விடுவாரோ, கொண்டியைத் தூக்கிவிட்டாரே, வாயை மூடிக்கொண்டு போய்விடுவாரோ. அங்கமுத்துவுக்குக் கொடுக்காமல் கையிலேயே இருந்த டம்ளர் டீ மேலெல்லாம் சிந்த வாசலுக்கு ஓடினேன். 

'பெரியவரே!' 

உள்ளே சுத்தியல் சத்தம். அவர் காதில் விழவில்லை போலிருக்கிறது. இன்னும் கத்தினேன், தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன். 

'வரேன்னு சொல்லிட்டுப் போங்க!'

பார்த்தார். என்னை நன்றாகப் பார்த்தார், இவள் எந்த வாயால் பேசுகிறாள் என்பது மாதிரி. 

'வாறனுங்க அம்மணி' என்றார்.

'வாங்க' என்றேன்.

கேட்டைச் சாத்திவிட்டுப் போனார். நாளைக்கு வருவார். அங்கமுத்துவுக்கு முன்னாலேயே வந்து நிற்பார், பால்காரனுக்கு இன்னும் ஒரு பாக்கெட் சேர்த்துச் சொல்ல வேண்டும்.